மோட் ஓடிய விதம்

ஏப்ரல் 9, புதன்

பக்கத்து வீட்டு மிஸஸ் நெஸ்டா பியூ தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை, நாயைப் பற்றித்தான் பேச்சு. எழுபத்தெட்டு வயது. பிள்ளைகுட்டி கிடையாது. இருப்பதெல்லாம் மோட் என்கிற கறுப்பு வெள்ளை நாய்தான்.

வீட்டுச் சாவியை என் கையில் திணித்தார். காலையில் ஒரு டின், மாலையில் ஒரு டின், தினமும் இரண்டு நடை. பின்னாலிருக்கும் காட்டுக்குள் தாராளமாகக் கூட்டிப் போகலாம், ஆனால் கயிற்றை மட்டும் அவிழ்க்கக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே இதை இரண்டு தடவை சொன்னார். சரி சரி என்று தலையாட்டினேன்.

என் மனைவி பெனிட்டா இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். மிஸஸ் பியூ நேரே அவள் வார்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். விசாவில் என்னை அவளுடைய ‘டிபெண்டன்ட்’ என்று போட்டிருக்கிறது. கோவில்பட்டியில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை இழுத்து மூடிவிட்டு, வேல்ஸ் என்கிற இந்த மழைச் சீமைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சமைக்கிறேன், துவைக்கிறேன், ஜன்னலைப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் ஒருவர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நாய் மேய்க்கிற வேலை. இருக்கட்டும், வேலைதானே.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் முதல் நடை. காட்டின் பெயர் கோய்ட் ஹேன். கோய்ட் என்றால் காடு, ஹேன் என்றால் கிழடு. இந்த இடத்தில் மரம் இல்லாமல் இருந்த காலம் யார் ஞாபகத்திலும், யார் பாட்டன் ஞாபகத்திலும் இல்லை என்று மிஸஸ் பியூ ஒருமுறை சொன்னார்.

வானத்தை இடிக்கிற மரங்களாக இருக்கும் என்று போனேன். களக்காடு மலையைப் பார்த்தவனுக்கு ஏமாற்றம்தான். ஓக் மரங்கள் குட்டை குட்டையாக, முட்டி வீங்கிய ஆட்கள் மாதிரி கோணிக்கொண்டு நிற்கின்றன. இன்னும் இலை விடவில்லை. ஆனால் பச்சைக்குக் குறைவில்லை, எல்லாம் பாசி. கல்லில் பாசி, கிளையில் பாசி, விழுந்த மரத்தில் முழங்கை ஆழத்துக்குப் பாசி. விழுந்த மரத்தை யாரும் தொடுவதில்லை. பூச்சிகளுக்காக விட்டுவைக்கிறார்களாம். எங்கள் ஊராக இருந்தால் பொழுது சாய்வதற்குள் விறகாகி அடுப்புக்குப் போயிருக்கும்.

யானை கிடையாது, கரடி கிடையாது. இருந்தும் முதல் பத்து நிமிடம் பயமாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. எங்கேயோ தண்ணீர் மட்டும் ஓடுகிறது. தரை பூராவும் காட்டுப்பூண்டு இலை. மிதித்தால் ரசம் கொதிக்கிற வாசனை வருகிறது. எனக்குப் பசித்துவிட்டது.

மோட்டுக்கு இங்கிலீஷ் அரைகுறை, வெல்ஷ்தான் தாய்மொழி. ‘டெரே மா’ என்றால் இங்கே வா. சொல்லிப் பழகினேன். நடுவில் ‘வாடா’ என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி, மோட் சாப்பிட்டானா? பெனிட்டா வந்து சொன்னாள். சாப்பிட்டான், நக்கித் துடைத்துவிட்டான் என்று சொல்லச் சொன்னேன். உண்மையும் அதுதான்.

காட்டின் மேற்கு எல்லையில் ஒரு கல்சுவர், இடுப்பு உயரம். அதற்கு அப்பால் கெத்தின் என்பவருடைய புல்வெளி. ஆடுகள் ஈன்றிருக்கும் சமயம். தாய்க்கும் குட்டிக்கும் ஒரே எண்ணை நீலச் சாயத்தில் முதுகில் எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா மாதிரி இருந்தது. கெத்தின் நாலு சக்கர பைக்கில் வந்தார். வழக்கம்போல ஹேண்டிலிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினார். இங்கே அதுதான் வணக்கம். என் கையிலிருந்த நாய்க்கயிற்றைப் பார்த்து ‘அப்படித்தான்’ என்பது போலத் தலையாட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கண்காணிக்க இவர் யார்?

கயிறே எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வோர் எட்டிலும் அவன் இழுக்கிறான், கழுத்து நெரிபட்டு இருமுகிறான், நான் பின்னுக்கு இழுக்கிறேன். எங்கள் தெருவில் எந்த நாய்க்குக் கயிறு இருந்தது? சாப்பாட்டு நேரத்துக்கு வரும், தின்னும், போகும். வெறி பிடித்த நாயைத்தான் கட்டுவார்கள். கட்டிப்போட்டே வளர்த்தால் நல்ல நாய்க்கும் வெறி பிடித்துவிடும் என்று எங்கள் அப்பா சொல்வார். மிஸஸ் பியூ பாவம், வயதானவர், நாய் ஓடினால் பின்னால் ஓட முடியாது. அதனால் கட்டி வைத்திருக்கிறார். எனக்கு என்ன, கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. பெனிட்டாவுக்கு டூட்டி, தனியாகப் போய் உட்கார மனமில்லை.

காட்டுக்குள் மோட்டை அவிழ்த்துவிட்டேன். ஓடினான். பிறகு கூப்பிட்டேன், வரவில்லை. டெரே மா, டெரே மா என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். எங்கேயோ ரோட்டில் டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். காக்கைகள் எழும்பிப் பறந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பசித்தால் வருவான். நாய்க்கு வீடு தெரியாதா? மிஸஸ் பியூ வீட்டுப் பின்கதவை ஒருசாண் திறந்தே வைத்திருக்கிறேன்.

பெனிட்டா வந்ததும் மோட் சாப்பிட்டானா என்று கேட்டாள். சாப்பிட்டான் என்றேன். எப்படியும் காலைக்குள் வந்து சாப்பிடத்தானே போகிறான்.

ஏப்ரல் 14, திங்கள்

வரவில்லை.

பெனிட்டா ஏழு மணி பஸ்ஸுக்குப் போனதும் கிளம்பினேன். கிழக்குப் பக்கம் முழுவதும் தேடினேன். ஓடையைக் கல் கல்லாகத் தாண்டி, அதன் மறுகரையோடு மேலே ஏறினேன். ஓர் இடத்தில் இடிந்த கல்வீடு, கூரை இல்லை. அடுப்படியில் ஒரு மரம் முளைத்து வளர்ந்து புகைபோக்கி வழியாக வெளியே போயிருக்கிறது. யாரோ சமைத்த இடம். உள்ளே நின்று டெரே மா என்றேன். என் குரலே கேவலமாக இருந்தது.

சரிவில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள், நட்சத்திரம் மாதிரி. இன்னோர் இடத்தில் நீலப்பூ மொட்டு விட ஆரம்பித்திருக்கிறது. ஒரு சின்னப் பறவை என் முன்னால் கிளை கிளையாகப் பறந்து வழிகாட்டுவது போலப் போனது. அதன் பின்னால் போய் முழங்கால்வரை சேற்றில் இறங்கினேன். பார்க்கப் பார்க்க எல்லாம் அழகு. எனக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. அழுகை வந்தது, அழுதேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

மேற்கே போகவில்லை. அங்கே சேறு அதிகம்.

காலை டின்னையும் மாலை டின்னையும் திறந்து வேலிக்குப் பின்னால் கொட்டினேன். அலமாரியில் டின் குறையாமல் இருந்தால் பெனிட்டா ஒருவேளை கவனிப்பாள். உண்மையில் அவள் அந்த வீட்டுக்குள் போகவே மாட்டாள். சின்ன வயதில் நாய் கடித்து ஊசி போட்டவள், மோட்டை ஜன்னல் வழியாகத்தான் விசாரிப்பாள். ஆனாலும் கொட்டினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மழை. வரவில்லை. சாப்பிட்டான் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

காணவில்லை என்று எழுதி நோட்டீஸ் ஒட்டலாமா என்று யோசித்தேன். ஒட்டினால் பெனிட்டா பஸ்ஸிலிருந்து பார்த்துவிடுவாள். விட்டுவிட்டேன்.

இன்றைக்கு வடக்கே. காட்டைத் தாண்டினால் குன்று. மஞ்சள் பூத்த முட்புதர், இடையில் ஆட்டுத் தடம். மூச்சு வாங்க உச்சிக்கு ஏறித் திரும்பிப் பார்த்தேன். முதல் முறையாகக் காடு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. இவ்வளவுதானா! பச்சை வயல்களுக்கு நடுவில் ஒரு தவிட்டு நிறத் துண்டு. நாலு பக்கமும் கல்சுவர். நம்ம ஊர்க் கண்மாய் அளவுகூட வராது. உள்ளே நடக்கும்போது முடிவே இல்லாதது போல இருந்ததே.

இத்தனை சின்னக் காட்டில் ஒரு நாய் மூன்று நாள் தொலைந்திருக்க முடியாது.

கீழே கெத்தின் புல்வெளியில் அவருடைய பைக் ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கி வரும்போது வழியில் எதிர்ப்பட்டார். விரலைத் தூக்கவில்லை. முகத்தை ஆட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஏதோ அவசரம் போலிருக்கிறது. நானும் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பெனிட்டா சொன்னாள், மிஸஸ் பியூவுக்கு இப்போதெல்லாம் பேச்சு குறைந்துவிட்டதாம். இவளாகப் போய் ‘மோட் இன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டான்’ என்று சொன்னால், இவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நன்றி என்கிறாராம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தச் சோர்வு வரும் என்றாள். இருக்கும் என்றேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பெனிட்டா துள்ளிக்கொண்டு வந்தாள். வார்டு மேலதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டாளாம். சனிக்கிழமை மிஸஸ் பியூவைச் சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குக் கொண்டு வருவார்கள். நான் மோட்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு கால்மணி நேரம். ‘நாயைப் பார்த்தா கெழவிக்கு உசுரு வந்துரும் பாருங்க’ என்றாள். நாய் என்றால் நடுங்குகிறவள், அவளே கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய் மடியில் விடப் போகிறாளாம்.

மிஸஸ் பியூ என்ன சொன்னார் என்று கேட்டேன். வேண்டாம் என்றாராம். அத்தனை சிரமம் வேண்டாம் கண்ணு என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். ‘நமக்கு என்ன சிரமம்? நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கியளே’ என்றாள்.

சரி என்றேன்.

தோசை வார்த்தேன். கருகிவிட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மேற்கே போனேன்.

சேறெல்லாம் ஒன்றுமில்லை. கல்சுவரைத் தாண்டி இறங்கி, நேரே கெத்தின் கொட்டகைக்குப் போனேன். உள்ளே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, தாயில்லாத குட்டி ஒன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். குட்டி உறிஞ்சி முடிக்கும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

“வருவீங்கன்னு தெரியும்” என்றார். “நான்தான் சுட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. சுவரைத் தாண்டி ஒரு நாய் வந்து ஆடுகளை மூலைக்கு மடக்கியது. இவர் ஓடி வருவதற்குள் ஒரு தாயும், வேறோர் ஆட்டின் இரண்டு குட்டிகளும் போய்விட்டன. அந்தத் தாய் விட்டுப்போனவைதான் இந்தப் புட்டிப்பால் குட்டியும் அதன் உடன்பிறப்பும். தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார். கிட்டே போன பிறகுதான் மோட் என்று தெரிந்திருக்கிறது. மோட் இதே பண்ணையில் பிறந்தவன். ஆடு மேய்க்கப் பழக்கினார்கள். ஆட்டைக் கடிக்கிற புத்தி போகவில்லை என்று இவருடைய அப்பா சுட்டுவிடச் சொன்னபோது, மிஸஸ் பியூதான் நான் வைத்துக்கொள்கிறேன், ஆயுசுக்கும் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாராம்.

எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்று கத்த வேண்டும் போலிருந்தது. சொல்லத்தான் செய்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு இரண்டு தடவை சொன்னார். காரணத்தை மட்டும்தான் சொல்லவில்லை. காரணம் சொன்னால்தான் கேட்பேனா நான்?

அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டதே என்று கெத்தினிடம் சொன்னேன். அது டயர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். உங்கள் வீட்டுக் கதவுவரை இரண்டு தடவை வந்து திரும்பிப் போனேன் என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். நாயைச் சுட்டதற்கு அவர் அழுகிறார், அவருடைய ஆட்டைக் கொன்றதற்கு நான் அழுகிறேன். யார் யாரைத் தேற்றுவது?

சுவரோரத்தில் புதைத்திருக்கிறார். நரி தோண்டாமல் இருக்க மேலே கல் அடுக்கியிருக்கிறார்.

மிஸஸ் பியூவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

“நெஸ்டாவுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிட்டேன். உங்ககிட்ட பேசவேண்டாம், அவனா வரட்டும்னு சொன்னாங்க.”

பஸ் நிறுத்தத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். தினமும் பெனிட்டா அந்தக் கட்டிலருகே போய், சிரித்துக்கொண்டு, மோட் நன்றாகச் சாப்பிட்டான் என்று சொல்லியிருக்கிறாள். செத்த நாயை. அது செத்துவிட்டது என்று தெரிந்த மனுஷியிடம். விடுமுறை நாள் என்பதால் பஸ் வரவே இல்லை. நடந்து பாதி வழி போன பிறகுதான் வந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது பெனிட்டா மிஸஸ் பியூவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மிஸஸ் பியூவும் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொல்லத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தேன். வந்தது தமிழ்தான்.

“பெனி, மோட் செத்துட்டான். ஞாயித்துக்கிழமையே. நான் அவுத்து விட்டுட்டேன். அவங்களுக்கு எல்லாம் தெரியும்.”

அவள் கையை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். எண்ணுகிறாளா, எண்ணுவது போல நிற்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மிஸஸ் பியூவுக்குத் தமிழ் தெரியாது. மோட் என்ற பெயர் மட்டும் புரிந்திருக்கும், அப்புறம் என் மூஞ்சி.

“இப்பத்தான் அவகிட்ட சொல்றியா ஆல்வின்?” என்றார் மெதுவாக. “பாவம் இந்தப் பொண்ணு. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது மொத நாளே இவ முகத்துல தெரிஞ்சுது. நான் எப்படிச் சொல்லுவேன்? உன் புருஷன் உன்கிட்ட பொய் சொல்றான்னு நானா சொல்றது?”

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தையில் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெனிட்டா நாடித்துடிப்பைக் குறித்துவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“நீங்க வெளிய போங்க. எனக்கு டூட்டி முடியல.”

ஏப்ரல் 19, சனி

நேற்று வீட்டுக்கு வந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எதுக்கு எங்கிட்ட மறைச்சிய?” எனக்கே தெரியவில்லை என்றேன். இந்தப் பதிலாவது உண்மை. இந்த நாட்டில் என்னிடம் ஒப்படைத்த எதையாவது நான் ஒழுங்காகச் செய்தேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருப்பேன். அதைச் சொல்லவில்லை.

இன்றைக்கு டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினாள். மிஸஸ் பியூ என்னை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். திட்டுவதற்கு இல்லையாம். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட மோட் ஓடி அவர் பார்த்ததில்லை. கொடுத்த வாக்குக்காகக் கட்டியே வைத்திருந்தார். ஒவ்வொரு நடையிலும் அவன் இழுக்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்குமாம். அவிழ்த்துவிட்டதும் அவன் எப்படி ஓடினான் என்று தெரிய வேண்டுமாம். ஒன்று விடாமல் சொல்ல வேண்டுமாம். பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

இதைச் சொல்லிவிட்டுப் பெனிட்டா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாளைக்கு ஈஸ்டர். எப்படிச் சொல்வது என்று எழுதிப் பார்க்கிறேன்.

கொக்கியைக் கழற்றினேன். அவன் நகரவில்லை. ஓர் எட்டு வைத்து, கழுத்தைத் தாழ்த்தி, இழுப்பு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். இன்னோர் எட்டு. அப்புறம் ஓடினான். வயிறு தரையில் உரசுகிற மாதிரி நீட்டிக்கொண்டு ஓடினான். விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினான், தாண்டத் தேவையில்லாததையும் தாண்டினான். பூண்டு இலையெல்லாம் பிய்ந்து பறந்து காடே மணத்தது. ஓடைக்குள் விழுந்து எழுந்து அதே வேகத்தில் மறுகரை ஏறினான். ஒரு முழு வட்டம். நான் சத்தமாகச் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு திரும்பி வந்தான். நான் கூப்பிடவே இல்லை, அவனாகவே வந்தான். மூச்சு இரைக்க என் காலில் மோதி நின்று, கழுத்தை நீட்டிக் கொடுத்தான், மாட்டிக்கொள் என்று. கயிறு என் கையில்தான் இருந்தது.

நான் அவன் தலையைத் தட்டி, “போடா, இன்னொரு ரவுண்டு போ” என்றேன்.